முப்பத்தேழாவது அம்பு

ஜூலை 17, புதன்கிழமை, காலை எட்டு நாற்பத்திரண்டு. பெருமாநல்லூரில் தூறல், என் குடையில் இரண்டு ஓட்டை. ஒரு தலைமையாசிரியையின் தலைமைப் பண்பை அளந்துவிட முடியும் என்ற முழு நம்பிக்கையோடு கிளம்பினேன்.

பனியன் கம்பெனி செக்கிங் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். (வீட்டில் சும்மா இருந்தால் கரண்டிகளை எண்ணுகிறேன் என்று மனைவியே சிபாரிசு செய்ததாகப் பின்னால் தெரிந்தது.) சுபைதா டீச்சர் தலைமையாசிரியையாகத் தற்காலிகமாக வந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. அவரை நிரந்தரமாக்குவதா, வேறு ஆள் பார்ப்பதா என்று அன்று மூன்று மணிக் கூட்டத்தில் முடிவாக வேண்டும்.

"கூடவே இருந்து பாத்துட்டு, அவுங்க தலைமைப் பண்பு எப்படீன்னு சொல்லிப்போடுங்க" என்றிருந்தார் பள்ளியின் தாளாளர்.

எனக்குத் தெரிந்த மதிப்பீடு ஒன்றுதான். பனியனில் குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அம்பு கூடினால் அத்தனையும் ரிஜெக்ட். ஸ்டிக்கர் சுருளோடு பள்ளிக்குள் நுழைந்தேன்.

ஒழுகும் குழாய்க்கு ஓர் அம்பு. கொக்கியில்லாத ஜன்னலுக்கு ஒன்று. ஒட்டடைக்கு மட்டும் ஒன்பது. மதியத்துக்குள் முப்பத்தாறு ஆயிற்று. பெரிய குறை டீச்சரின் அறையில் இருந்தது: பதினொரு முறை எட்டிப் பார்த்தேன், பதினொரு முறையும் நாற்காலி காலி! இருக்கையில் இருக்காதவர் என்ன தலைமை? நாற்காலியின் உயர்ந்த முதுகின் உச்சியில், கீழே இருக்கையைக் காட்டும்படி முப்பத்தேழாவது அம்பை ஒட்டினேன். கால் வலித்ததால் அதிலேயே உட்கார்ந்து, சாப்பாட்டையும் அங்கேயே முடித்து, அறிக்கை எழுதினேன். கூட்டமும் அந்த அறையில்தான்.

"ஏனுங்க, டீச்சர் தேறுவாங்களா?" என்றார் தாளாளர்.

"முப்பத்தேழு குறைங்க. ரிஜெக்ட்!"

டீச்சர் ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். வரிசையாக என் அம்புகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர்.

"சார் ஒட்டிட்டே போனாருங்க, நாங்க சரிபண்ணி எடுத்துட்டே வந்தோமுங்க. ஒண்ணுக்கு ஒரு ஆளுன்னு பிரிச்சு உட்டுட்டேனுங்க. குழாய்க்கு வாட்ச்மேன் அண்ணன், ஜன்னலுக்கு பி.டி. வாத்தியாரு..."

எண்ணினேன். (எண்ணாமல் இருக்க முடியுமா?) முப்பத்தாறு. பிடி கிடைத்த சந்தோஷத்தில், "ஒண்ணு குறையுதே!" என்று கத்தினேன்.

"அதை எடுக்க முடியலீங்க சார்" என்றார் டீச்சர், மிகுந்த மரியாதையோடு. "சாப்பாட்டுக்கு முன்னாடி உக்காந்தவரு நீங்க இன்னும் எந்திரிக்கலீங்களே."

எல்லார் கண்ணும் என் தலைக்கு மேலே போனது. சிவப்பு அம்பு நேராக என் வழுக்கையைக் காட்டிக்கொண்டிருந்தது.

தாளாளர் கண்ணைத் துடைத்துச் சிரித்தபடியே நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அந்த முப்பத்தாறு பேருக்கும் நான் கடலை மிட்டாய் வாங்கித் தரவேண்டும் என்று தீர்ப்பும் சொன்னார்.

இன்றைக்கும் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து காபியில் குறை சொல்ல ஆரம்பித்தால் மனைவி வாயே திறப்பதில்லை. என் தலைக்கு மேல் ஒரு விரலைக் கீழ்நோக்கி நீட்டுவாள். நான்கு வயதுப் பேத்தியும் ஸ்டூல் போட்டு ஏறி நீட்டுகிறாள்.

மிட்டாய் 360, ஸ்டிக்கர் சுருள் 45. ஆக மொத்தம் 405 ரூபாய்.