தங்கள் தங்கை ஊர் திரும்பாதது குறித்து

அடுகோடி, பெங்களூர்
3-1-1961

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர், வாணியம்பாடி கடலைக்காய் மண்டி அப்பாதுரை அவர்கள் சமூகத்துக்கு, குடியாத்தம் சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸ் ஓய்வுபெற்ற தலைமை குமாஸ்தா நாராயணசாமி வந்தனத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் என் தேகம் சுகம். மனசைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அவ்விடம் தாங்களும், தங்கள் வீட்டில் உள்ளவர்களும், மண்டியும், மண்டியில் உள்ள மூட்டைகளும் எலித்தொல்லை இல்லாமல் சௌக்கியமாயிருக்க ஏழுமலையான் கிருபை செய்யவேண்டியது.

தாங்கள் பெங்களூரில் ஒரு கிளை மண்டி போட உத்தேசித்திருப்பதாகவும், நான் இங்கே வந்திருப்பதால் இந்தப் பட்டணத்தின் சாதக பாதகங்களை ஒளிக்காமல் எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் நான் வந்தது மண்டிக்கு இடம் பார்க்க அல்ல என்பது தங்களுக்கே தெரியும். என் மகள் யசோதாவின் பிரசவத்துக்கு, டாக்டரம்மா பிரயாணம் கூடாது என்று சொல்லிவிட்டதால், ஒத்தாசையாக இங்கே வந்த என் மனைவியும் தங்கள் தங்கையுமாகிய தனக்கோடி, எட்டு மாதமாகியும் ஊர் திரும்பவில்லை. குழந்தை குப்புறிக்கட்டும், வருகிறேன் என்று எழுதினாள். குப்புறித்தது. தவழட்டும் என்றாள். தவழ்ந்தது. இப்போது பல் முளைக்கட்டும் என்கிறாள். இப்படியே விட்டால் காது குத்தட்டும், பள்ளிக்கூடத்தில் போடட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று போய்க்கொண்டே இருக்கும். அதுவரை நான் வைத்த ரசத்தை நானே குடித்துக்கொண்டு உயிரோடு இருப்பேனா என்பது சந்தேகம். பொங்கலுக்குள் அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விடுவது என்ற ஒரே தீர்மானத்தோடுதான் ரயில் ஏறினேன்.

பாதகம் கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. நம் ஊரில் ஜட்காக்காரனிடம் ஆள் பெயரைச் சொன்னால் போதும், வாசலில் இறக்கிவிட்டு, வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை பேசிவிட்டும் போவான். அதே நினைப்பில், "அடுகோடி முனிகிருஷ்ணன் வீடு, லேத்துப் பட்டறையில் வேலை" என்று மாப்பிள்ளை பெயரைச் சொல்லி ஏறிக்கொண்டேன். அடுகோடியில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு முனிகிருஷ்ணன் மேல்தான் விழும், அவனும் ஏதாவது ஒரு பட்டறையில்தான் இருப்பான் என்பது எனக்கு என்ன தெரியும்? ஒரு ஓட்டு வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போயிருப்பார், மகள் உள்ளே குழந்தையோடு இருப்பாள் என்று நானாகவே நினைத்து, உள்ளே போய் நாற்காலியில் அமர்ந்தேன். முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் வந்து நின்றார். சம்பந்தி வீட்டு உறவாக்கும் என்று எண்ணி, ஆரம்பத்திலேயே கண்டிப்பாக இருந்துவிடுவது நல்லது என்று, "எங்கேய்யா என் சம்சாரம்? எட்டு மாசமா உங்க வீட்டிலேயே வெச்சுக்கிட்டு அனுப்பமாட்டேன்றீங்களே, இது அடுக்குமா?" என்று கேட்டுவிட்டேன். அந்தத் தெருவில் தமிழ் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்? அந்தப் பெரியவரின் மனைவி அடுக்களையிலிருந்து வந்து என்னை ஒரு பார்வை, தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள் மச்சான், அந்த மனுஷனுக்காக நான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். தெருவே கூடிப்போச்சு. கடைசியில் பவுலின் என்று ஒரு தையல்கார அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஐயய்யோ, இவரு நம்ம தனம் அக்கா ஊட்டுக்காரரு போலகீதே! வாங்கண்ணா, அந்த முனிகிருஷ்ணன் வேற, இந்த முனிகிருஷ்ணன் வேற" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டு, ரெண்டு தெரு தாண்டிக் கூட்டிவந்தாள்.

வந்து சேர்ந்தால், அங்கே அதைவிட! தங்கள் தங்கை இடுப்பில் பேரனை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள், என்னைப் பார்த்தாள், வாயெல்லாம் பல்லாக "பன்ரீ! பன்ரீ!" என்றாள். கட்டின புருஷன், ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்தவன், நடுத்தெருவில் அவமானப்பட்டு வந்து நிற்கிறேன், பன்றி என்கிறாள். அதுவும் இரண்டு தரம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. யசோதா ஓடிவந்து, "அப்பா, அது கன்னடம்பா, 'வாங்க'ன்னு அர்த்தம்பா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அக்கம்பக்கத்தில் பேசிப் பேசி அம்மாவுக்கு நாக்கு அப்படியே திரும்பிவிட்டதாம். மரியாதைச் சொல்தான், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மச்சான், மரியாதையை இவ்வளவு ஆபத்தாக ஒரு பாஷையில் வைத்திருக்கவேண்டுமா?

மறுநாள் மார்க்கெட்டுக்குப் பஸ்ஸில் போனோம். தங்கள் தங்கையின் உடம்புவாகு தங்களுக்குத் தெரியும், தங்கள் குடும்பத்து உடம்புதான். அவள் படியில் கால் வைக்கிறாள், கண்டக்டர் உள்ளேயிருந்து "ஹத்தி, ஹத்தி!" என்று கத்துகிறான். நான் ஆபீசில் துலுக்கர் பத்திரங்கள் பார்த்துப் பார்த்து நாலு வார்த்தை உருது பொறுக்கி வைத்தவன். ஹாத்தி என்றால் யானை என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் பெண்சாதியை என் எதிரிலேயே யானை என்கிறான் ஒருத்தன், நான் கையைக் கட்டிக்கொண்டிருப்பேனா? ஏறிப் போய் அவன் காக்கிச் சட்டையைப் பிடித்துவிட்டேன். பஸ் நின்றுவிட்டது. "யார்ரா யானை? உங்க அம்மாவைச் சொல்வியா?" என்று கேட்டேன். தங்கள் தங்கை தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, விடுங்க! ஏறுங்க ஏறுங்கன்னு சொல்றாருங்க" என்றாள். அப்புறம் அவன் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் என்னவோ சொன்னாள். அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பஸ்ஸில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் ஒருத்தன்தான் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் நின்றேன். எனக்கு அது ரொம்ப வலித்தது மச்சான், ஒளிக்காமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

சாதகமே இல்லையா என்றால், உண்டு, பொய் சொல்லக்கூடாது. குழாயைத் திருகினால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது. வேர்வை என்பதே கிடையாது. அவரைக்காய் வந்து குவிகிறது. சாம்பாரில் அவரை, உப்புமாவில் அவரை, இனி காபியில்தான் பாக்கி. கடலைக்காய்க்கும் நல்ல கிராக்கி. குளிர்தான் தாங்கவில்லை, பல் தேய்க்க வாயைத் திறந்தால் திரும்ப மூடமாட்டேன் என்கிறது. மாப்பிள்ளை ஒரு குரங்குக் குல்லாய் கொடுத்திருக்கிறார், தூங்கும்போதும் கழற்றுவதில்லை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கமுடியாதது வேறே ஒன்று. இந்த ஊரில் நம்மை யாரும் எதுவும் கேக்கமாட்டேன்றாங்க. குடியாத்தத்தில் நான் கோட்டைப் போட்டுக்கொண்டு குடையோடு வாசலில் இறங்கினால், "என்ன சார், எங்கே கிளம்பிட்டீங்க?" என்று தெருக்கோடி வரை கேட்பார்கள். ரிட்டயர் ஆன பிறகும் கேட்கிறார்கள். இங்கே அதே கோட்டு, அதே குடை, ஒரு ஈ காக்காய் கேட்கவில்லை. தாங்கமாட்டாமல் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தரிடம் நானாகவே, "தபாலாபீசுக்குப் போறேன்" என்றேன். அவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

இனி முக்கிய விஷயம். தங்கள் தங்கை தினம் சாயங்காலம் குழந்தையை யசோதாவிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறாள். எங்கே என்றால், "சும்மா" என்கிறாள். சும்மா என்று ஒரு இடம் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? எனக்கு மனசு சரியில்லை. முந்தாநாள் குல்லாயைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். லால்பாக் வரைக்கும் நடந்தே போனாள். அங்கே பெரிய பாறை ஒன்று இருக்கிறது, அதன் மேல் ஏறினாள், ஒரு பொட்டலம் கடலைக்காய் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். யாரோ வரப்போகிறார்கள் என்று நான் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். யாரும் வரவில்லை. கடலைக்காயை உரித்து உரித்துத் தின்றாள். காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்ததும் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து திரும்பினாள், என்னைப் பார்த்துவிட்டாள்.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே?" என்றேன்.

"இதுக்குத்தான். நம்ம ஊருல நான் வாசப்படி தாண்டினா, 'தனம், எங்க போற?'ன்னு மண்ணும் மரமும் கேக்கும். கோயிலுக்குன்னா 'இந்நேரத்துலயா?' கடைக்குன்னா 'ஏன், உங்க ஊட்டுக்காரரு போவலையா?' நான் திரும்பி வர்றதுக்குள்ள சேதி உங்க ஆபீசுக்கு வந்துடும். ஒரு காரணமும் இல்லாம ஒரு எடத்துல நான் குந்தினதே கெடையாதுங்க. இங்க எவனும் கேக்கறதில்ல. அவ்ளோதான்" என்றாள்.

நான் எதைப் பாதகம் என்று எழுதுகிறேனோ, அதையே அவள் சாதகம் என்கிறாள். ஒரே சமாசாரத்தை இரண்டு பக்கத்திலும் எழுதினால் எந்த ஆபீசில் ஒத்துக்கொள்வார்கள்? "பொங்கலுக்கு வருவியா, மாட்டியா?" என்று நேராகவே கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். தங்கள் தங்கை பாக்கலாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தங்களுக்குத் தெரியாததல்ல. மச்சான், ஊரில் வீடு வீடாகவே இல்லை. ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு "போட்டாச்சு" என்கிறேன், யாரிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை. எனக்கு அவ வேணும். சமையலுக்காக இல்லை. சமையலுக்காகவும்தான், ஆனா அதுக்காக மட்டும் இல்லை.

ஆகையால் தாங்கள் தயவுசெய்து வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கே புறப்பட்டு வந்து, மூத்தவர் என்ற முறையில் நாலு வார்த்தை கண்டித்துச் சொல்லி, அவளை என்னோடு அனுப்பிவைக்கவேண்டியது. புருஷன் வார்த்தையைத் தாண்ட இந்த ஊர் அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. அண்ணன் வார்த்தை வரைக்கும் பாடம் இன்னும் வரவில்லை என்று நம்புகிறேன். மண்டி விஷயமாக என் அபிப்பிராயம், வேண்டவே வேண்டாம். மனுஷர் இருக்கும் ஊர் அல்ல இது. தங்கள் குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், பெரியவர்களுக்கு நமஸ்காரம், தங்கள் வாசலில் பொங்கல் பொங்கிவர, என் வாசலிலும் இந்த வருஷம் பொங்கும்படி தாங்கள் செய்யவேண்டியது.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
நாராயணசாமி

பி.கு.: இதை ஒரு ஓட்டலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். மேற்படி கடிதத்தைத் தபாலில் சேர்க்க நான் கிளம்பும்போது, தங்கள் தங்கை "நானும் வரேன்" என்று செருப்பை மாட்டினாள். தபால் பெட்டிக்கு எதிரே ஓட்டல். விடுவிடு என்று உள்ளே போய் உட்கார்ந்து, சர்வரைப் பார்த்து "ஒந்து காபி, பை டூ" என்றாள். ஏதோ புதுத் தினுசு பலகாரம் என்று நினைத்தேன். ஒரே காபியை இரண்டு டம்ளரில் பாதி பாதியாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான். இங்கே அப்படித்தான் வழக்கமாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் குடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் அவள் குடிப்பாள். அவள் சூடாகக் காபி குடித்து நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் மச்சான். ஊதி ஊதிக் குடித்தாள். குடித்துவிட்டு, "நான் பொங்கலுக்கு வரலைங்க. நீங்க இங்கயே இருந்துடுங்க. ஆனா நான் செருப்பு மாட்டினா எங்கன்னு கேக்கக்கூடாது" என்றாள். என் டம்ளரில் பாக்கி இருந்ததைக் குடித்துவிட்டு வைத்தேன். "சரி, கேக்கல. ஆனா நான் வெளியே கிளம்பினா நீயாச்சும் ஒரு வார்த்தை கேக்கணும்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, "கேக்கறேன்" என்றாள். ஆகையால் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். வருவதானால் கண்டிக்க வேண்டாம், முதலில் குடியாத்தம் வரை போய் என் கம்பளியை எடுத்துவரவும். மண்டி தாராளமாகப் போடலாம், இடம் நானே பார்க்கிறேன். இதோ உறையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்க்கிறேன். தபால் பெட்டி எதிரேதான் இருக்கிறது, இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிறது. இருந்தும், "எங்கே கிளம்பிட்டீங்க?" என்கிறாள்.