துரை பங்களாவில் பால் காய்ச்சிய கதை

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவன் வாடகை வீடு தேடும்போது அவனுக்குக் கண் தெரியாது. கதவு இருந்து, அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாளும் இருந்தால் அரண்மனை என்பான். மாமனார் பார்க்கும் செய்தியைப் பார்த்து, அவர் விளக்கை அணைத்தால் தூங்கி வாழ்ந்த நான், போடி பழைய தெருவில் அந்தத் துரை பங்களாவைப் பிடித்தது அப்படித்தான்.

வெள்ளைக்காரர் காலத்தில், ஏலத்தோட்டத்துத் துரை ஒருவர் மலையிலிருந்து இறங்கினால் தங்கக் கட்டியது. ஆளுயர ஜன்னல்கள், மர மச்சு, கூடத்துச் சுவருக்குள் குளிர்காய ஒரு கணப்பு. (போடி வெயிலில் எவன் குளிர்காய்ந்தான் என்று அன்றே யோசித்திருக்க வேண்டும்.)

பால் காய்ச்சும் நாள். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கிறது. கோம்பையிலிருந்து மனைவியின் சொந்தபந்தம் பட்டும் வெள்ளை வேட்டியுமாக வந்து இறங்கிவிட்டது. வீட்டைச் சுற்றிப் பார்த்த மாமனார் முகம் சுளித்தார். சமையலறை பின்னால் தனிக் கட்டடமாக, ஈசானிய மூலையில் இருந்தது. சாமி மூலையில் அடுப்பு எரியும் வீடு வேண்டாம் என்றுவிட்டார்.

செல்போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு வீடு முழுக்க நடந்தேன். கணப்பு இருந்த இடம் சரியாகத் தென்கிழக்கு, அக்னி மூலை. கூப்பிட்டுக் காட்டினேன்.

“வெள்ளக்காரனுக்கே வாஸ்து தெரிஞ்சிருக்கு மாப்ளே” என்று மாமனார் நெகிழ்ந்துபோனார். (பாராட்டு துரைக்குத்தான். இருந்தாலும் நான் வாங்கிக்கொண்டேன்.)

கணப்புக்குள் செங்கல் கூட்டி, விறகு மூட்டி, பால் பானையை ஏற்றினோம். பால் விளிம்புக்கு வந்தது. பெண்கள் குலவையிடத் தயாரானார்கள். புகை மட்டும் மேலே போகாமல் கூடத்துக்குள் திரும்பியது. ஏதோ அடைத்திருக்கிறது என்று, மேதாவி மாதிரி ஒரு நீளக் கம்பை உள்ளே விட்டு மேலே குத்தினேன்.

நூறு வருடத்துக் கரியும் ஒரு பழைய புறாக்கூடும் சேர்ந்து பானைக்குள் இறங்கின. மிச்சக் கரி எங்கள் மேல் இறங்கியது. சத்தம் கேட்டு ஓடிவந்த வீட்டுக்காரர், குரங்கு இறங்குகிறது என்று புகைக்கூண்டை மேலே சிமெண்ட் பூசி அடைத்து வெகுகாலம் ஆகிறது என்றார். “அதுக்குள்ள அடுப்பு மூட்டுவீகன்னு யாரு கண்டா?”

பானையைக் கழுவி இன்னொரு தடவை காய்ச்சலாம் என்று கெஞ்சினேன். மாமனார் முகத்தில் கண் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது.

“ரெண்டாந்தடவ காய்ச்சுனா அது பால் காய்ச்சுறதில்ல மாப்ளே, காப்பி போடுறது. சாமான இறக்க வேணாம். வண்டியத் திருப்பச் சொல்லுங்க.”

கடைசி நம்பிக்கையாக மனைவியைப் பார்த்தேன். கரி படிந்த தன் கல்யாணப் பட்டுப்புடவையையே பார்த்துக்கொண்டிருந்தவள், போய் முதல் ஆளாக வண்டியில் ஏறினாள். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் கரியில் கோடு விழும், எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தனி வீடு என்ற பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. சொந்தத்தில் யார் புது வீடு போனாலும், பால் பொங்கும் வரை என்னைத் தெருவில்தான் நிறுத்துகிறார்கள். இப்போது என் மகளும் பழகிக்கொண்டாள். காலையில் பாலை அடுப்பில் வைத்ததும், “அப்பா, கொஞ்சம் வெளிய நில்லுங்க” என்கிறாள். போய் நிற்கிறேன். வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. மாமனார் பெயர்தான்.