இறுகாத ஜாம் குறித்து சுரண்டை மச்சானுக்கு

தென்காசி,
ஜூலை 11, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு.

பெருமதிப்பிற்குரிய மச்சான் பாரூக் அவர்களுக்கு, தென்காசி மூசா ஸலாம் கூறி எழுதிக்கொள்ளும் மடல். அல்லாஹ்வின் கிருபையால் தாங்களும், தங்கள் வீட்டில் உள்ளவர்களும், தங்களின் பாத்திரக்கடையும், தற்சமயம் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் தங்களின் தங்கையும் என் மனைவியுமான ஹைருன் பீவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு சாரல் நன்றாக இருக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. நானும் இருக்கிறேன்.

இக்கடிதத்தைக் கொண்டுவரும் விஜய்பாண்டி, நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த காலத்தில் அங்கே டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் ஒரு கண்ணாடிப் பாட்டில் கொடுத்து அனுப்பியுள்ளேன். தாங்கள் அதைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உள்ளே கருப்பாக ஆடுகிறதே, அது நன்னாரி சர்பத் அல்ல. நம் வீட்டு மரத்து மல்பெரிப் பழத்தில் நான் காய்ச்சிய ஜாம். இது நாலாவது தடவை. இதுவும் இறுகவில்லை. இதைத் தங்கள் தங்கையிடம் காட்டி, மூசா தோற்றுவிட்டான் என்று சொல்ல வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். என் நம்பரைப் பார்த்தால் அவள் எடுப்பதில்லை. உங்களுக்குப் போட்டால் நீங்கள் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு வியாபாரம் பார்க்கிறீர்கள். போன வாரம் நான் மனம் விட்டுப் பேசினதையெல்லாம் இட்லிக் கொப்பரை வாங்க வந்த அம்மா ஒருத்தி கேட்டுட்டு, "கவலப்படாதீங்க அண்ணாச்சி, எல்லாம் சரியாயிரும்"னு எனக்கு ஆறுதல் சொன்னா. அதான் கடிதம்.

நடந்தது என்னவென்று அவள் தங்களிடம் சொல்லியிருப்பாள். சொல்லாமலும் இருந்திருப்பாள், அவள் குணம் அப்படி. என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம மக சமீனாவின் மாமனார், மாமியார் குற்றாலத்தில் குளித்துவிட்டு அப்படியே வீட்டுக்கு வந்திருந்தாங்க. சூடா பன்னை வெட்டி, உள்ள இவ ஜாமைத் தடவிக் குடுத்தா. சம்பந்தியம்மா ரெண்டு பன் தின்னுட்டு, "இது இறுகுறதுக்குக் கடையில விக்கிற பெக்டின் பவுடர் போடுவீங்களா?"ன்னு கேட்டாங்க. இவ, "ஒரு பவுடரும் கிடையாது மதினி, பழமும் சீனியும் எலுமிச்சம்பழமும்தான், ஆனா பதம் இருக்கு"ன்னு ஆரம்பிச்சா. நான் சும்மா இருந்திருக்கலாம். முப்பத்திரண்டு வருசம் டிப்போவுல எல்லாருக்கும் பதில் சொல்லியே பழகின வாய். "இதுல என்ன பெரிய பதம்? பழத்தையும் சீனியையும் போட்டுக் கிண்டுனா தன்னால இறுகிட்டுப் போவுது. இத யாரு வேணும்னாலும் செய்யலாம்"னுட்டேன். சம்பந்தி சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். இவ சிரிக்கல, பன் தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா.

அவங்க போனப்புறம் கரண்டியைக் கழுவி ஆணியில மாட்டினா. மாட்டிட்டு, சத்தம் போடாம சொன்னா: "மரத்துல பழம் இருக்கு, டப்பாவுல சீனி இருக்கு. யாரு வேணும்னாலும் செய்யலாம்லா, நீங்களே செய்யுங்க. இறுகிச்சுன்னா இந்த வீட்ல எனக்கு என்ன சோலி? இறுகலன்னா சொல்லி விடுங்க, வாரேன்." மறுநாள் காலையில பையோட வாசல்ல நிக்கா. அந்த நேரத்துல ஒரு மனுசன் என்ன சொல்லணும்? போகாதன்னு சொல்லணும். எனக்கு வாயில என்ன வந்தது தெரியுமா மச்சான்? "சுரண்டைக்கு ஏழு இருபத்தஞ்ச விட்டா அடுத்தது எட்டு பத்துதான்"னு வந்தது. அவ ஏழு இருபத்தஞ்சுக்கே போயிட்டா. இன்னியோட இருபத்திரண்டு நாள் ஆச்சு.

அன்னிக்கே, "எனக்கு வராது, திரும்பி வா"ன்னு சொல்லிருந்தா காரியம் முடிஞ்சிருக்கும். ரோசம் விடல. இறுக வச்சுக் காட்டிட்டுத்தான் மறுவேலைன்னு மரத்தடிக்குப் போயிட்டேன். பழம் பொறுக்குறதுல மட்டும் அவளை விட நான் கெட்டி. கருகருன்னு நல்லாப் பழுத்ததா, ஒண்ணு போல எடுத்தேன். அவ பறிச்சா சிவப்பா அரைகுறையாப் பழுத்த செங்காயும் கூட வரும். வருசா வருசம், "உனக்குக் கண்ணாடி மாத்தணும்"னு நான் சொல்லுவேன், அவ கேக்கவே மாட்டா. சரி, பழத்தையும் சீனியையும் குக்கர்ல போட்டு ஒன்பது நாப்பதுக்கு அடுப்பைப் பத்த வச்சேன். மூணு விசில்ல பருப்பு வேகும்போது பழம் வேகாதான்னு ஒரு கணக்கு. ரெண்டு விசில்தான் வந்தது. மூணாவதுக்குக் குக்கர் மூச்சை அடக்கிக்கிட்டு நின்னுது. பழத் தோலு ஓட்டையில போயி அடைச்சிருக்கு. ஒன்பது அம்பத்தெட்டுக்கு அது வாயைத் திறந்தது. அடுப்படி மச்சில இப்ப ஊதாக் கலர்ல ஒரு வட்டம் இருக்கு. துடைச்சுப் பார்த்தேன், பெருசாகுது. சுண்ணாம்பு அடிச்சிரலாம்.

அடுத்த வீட்டு சஃப்ரின், காலேஜ்ல படிக்கிற புள்ள, சத்தம் கேட்டு ஓடி வந்து என் சட்டையைப் பார்த்துட்டு முதல்ல ரத்தம்னு நினைச்சு அழப் போயிட்டா. விசயத்தைச் சொன்னேன். "மாமா, மல்பெரிக்கு இறுகுற தன்மை கம்மி. பவுடர் இல்லாமச் செய்யணும்னா அகலமான சட்டியில, பொறுமையா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு காய்ச்சணும்"னு போன்ல பார்த்துச் சொன்னா. சொன்னதைக் கேட்டிருக்கணும். பவுடர் இல்லாம இறுகாதுன்னு நான் தீர்ப்பு எழுதிட்டு, அலமாரியைக் குடைஞ்சேன். நோன்புக்கு வாங்கின கடல்பாசி ஒரு பாக்கெட் மிச்சம் இருந்தது. நோன்பு திறக்க அவ பால்ல காய்ச்சி ஊத்தி வைப்பா, அரை மணி நேரத்துல தட்டுல கட்டியா நிக்கும். பால் நிக்கும்போது பழம் நிக்காதா? முழு பாக்கெட்டையும் போட்டேன். நின்னுச்சு மச்சான். அப்படி ஒரு நிப்பு. பாட்டிலைக் கவுத்துனேன், விழல. தட்டுனேன், விழல. கடைசியில பாட்டிலை உடைச்சு எடுத்தா, பாட்டில் வடிவத்துலயே வெளிய வந்து தட்டுல நிக்குது. துண்டு போட்டு விஜய்பாண்டிக்குக் குடுத்தேன். ரொம்ப நேரம் மென்னுட்டு, "அண்ணாச்சி, நோன்புதான் எப்பவோ முடிஞ்சு போச்சே"ன்னான்.

அவன் சும்மா போயிருக்கலாம். "அண்ணாச்சி, நம்மளுக்கு அல்வாவே தெரியும், ஜாம் என்ன? சுருண்டு வரணும், சட்டியை விட்டு ஒட்டாம வரணும், அதுதான் பதம்"னு யோசனை சொல்லிட்டான். எனக்கும் அது நியாயமாப் பட்டது. இதுக்குள்ள நம்ம மரத்துல பழம் கொறைஞ்சு போச்சு. ஐந்தருவிப் பக்கம் பழக்கடைக்குப் போயி, சீசன் கூட்டத்துல நனைஞ்சு, ரம்புட்டானுக்கும் மங்குஸ்தானுக்கும் நடுவுல மல்பெரி ஒரு பெட்டி இருந்ததை வாங்கிட்டு வந்தோம். நானும் அவனும் மாறி மாறிக் கிண்டினோம். பத்து அஞ்சுக்கு ஆரம்பிச்சது, பன்னிரண்டே கால் வரைக்கும் கிண்டினோம். சஃப்ரின் ரெண்டு தடவை எட்டிப் பார்த்து, "மாமா, போதும், இறக்கிருங்க"ன்னா. "சுருளலியே"ன்னு நான் விடல. கை மாத்துறதுக்காகக் கரண்டியை விட்டேன், கரண்டி தன்னால நிக்குது. அப்பவே இறக்கிருக்கணும். தொழுதுட்டு வந்து பார்த்தா சட்டி, கரண்டி, ஜாம் மூணும் ஒரே சாமானா ஆயிப்போச்சு. கரண்டியைத் தூக்குனா சட்டியும் கூட வருது.

இந்த இடத்தில் தங்களிடம் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டி தாங்கள் எங்கள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த அடிகனமான சட்டி. முப்பத்தி நாலு வருசமா ஒரு கீறல் இல்லாம அவ வச்சிருந்தது. ரெண்டு நாள் வெந்நீரில் ஊறப் போட்டு, விஜய்பாண்டி ஜாக்கி லிவரை வச்சு நெம்பி, கரண்டியைப் பிரித்துவிட்டோம். கரண்டி வளைந்துவிட்டது. சட்டியின் அடியில் ஒரு சொட்டை விழுந்துவிட்டது. அதை அவளிடம் தாங்கள் சொல்ல வேண்டாம். சொன்னாலும் சரி. எப்படியும் வந்த அன்னிக்கே பார்த்துவிடுவாள்.

நாலாவது தடவைதான் சஃப்ரின் சொன்னபடி கேட்டேன். அகலமான சட்டி, பழம், அதில் முக்கால் பங்கு சீனி, ஒரு எலுமிச்சம்பழச் சாறு. தட்டை ஃபிரீசரில் வைத்து, அதில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்க்க வேண்டுமாம். நகராமல் நின்றால் பதம். முறைப்படி விட்டேன், முறைப்படி சாய்த்தேன். அது பாட்டுக்கு ஓடி விளிம்பில் போய் நின்றது. அதுதான் தங்கள் கையில் இருக்கும் பாட்டில்.

ஆகவே மச்சான், எனக்கு வரவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று நான் சொன்னது தப்பு. டிப்போ மைக்கில், "பேருந்து தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். வீட்டில் ஒரு தடவை சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். ஹைருன், சம்பந்தி முன்னால உன்னை அப்படிப் பேசினதுக்கு வருந்துதேன். "சொல்லி விடுங்க, வாரேன்"னு சொல்லிட்டுப் போனல்லா? சொல்லி விட்டுட்டேன். சுரண்டையிலிருந்து காலையில் 9.20, மத்தியானம் 1.45, சாயங்காலம் 4.10 வண்டிகளில் கூட்டம் இருக்காது, ஜன்னல் சீட்டு கிடைக்கும். எந்த வண்டி என்று விஜய்பாண்டியிடம் எழுதிக் கொடுத்து விட்டால், அந்த நேரத்துக்குச் சரியாக பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் என் ஸலாம். கடை வியாபாரம் பெருகவும், உங்கள் முழங்கால் வலி குறையவும் துஆ செய்கிறேன். எனக்காகவும் கொஞ்சம் துஆ செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை இல்லாத வீட்டிலிருந்து
மூசா

பின்குறிப்பு: மச்சான், இது தனித்தாள். மேலே உள்ளதையெல்லாம் அவகிட்டக் குடுங்க. இதை மட்டும் மடிச்சு உங்க சட்டைப் பையில வச்சுக்கிடுங்க. அவ துணி துவைக்கும்போது பை தேடுவா, அதனால கடையில வச்சுக் கிழிச்சுப் போட்டுருங்க.

நாலாவது ஜாம் இறுகிடுச்சு.

புதன்கிழமை பதினொண்ணு இருபதுக்கு. சஃப்ரின் காலேஜுக்குப் போயிட்டா, வீட்ல நான் மட்டும். முந்தின நாள் மழையில கருத்த பழமெல்லாம் உதிர்ந்து போனதால, வேற வழியில்லாம ரெண்டு கை செங்காயும் சேத்துப் போட்டிருந்தேன். தட்டுல ஒரு சொட்டு விட்டேன். சாய்ச்சேன், நகரல. விரலால தள்ளினேன், சுருக்கம் விழுந்தது, ஓடல. சாயங்காலம் அந்தப் புள்ள வந்து சொல்லுதா, அந்தச் செங்காயிலதான் இறுக வைக்கிற சங்கதியே இருக்காம். நம்புதியளா மச்சான், வருசா வருசம் அவ தெரிஞ்சு பறிச்சிருக்கா. நான் அவளுக்குக் கண்ணாடி மாத்தச் சொல்லிட்டு இருந்திருக்கேன். அவளும் ஒரு நாள் கூட ஏன்னு சொல்லல. நானும் ஒரு நாள் கூடக் கேக்கல.

ஒரு ஸ்பூன் வாயில போட்டேன். அவ ஜாம் மாதிரியேதான் இருந்தது. ஜெயிச்சுட்டோம்னு, "ஏ ஹைருன், இங்க வா, இதப் பாரு"ன்னு சத்தமாவே கூப்பிட்டுட்டேன். அப்புறந்தான் அவ சொல்லிட்டுப் போனது ஞாபகம் வந்தது. இறுகிச்சுன்னா எனக்கு என்ன சோலின்னுல்லா சொன்னா. ஒரு செம்பு தண்ணி எடுத்து அதுல ஊத்தி, நல்லாக் கலக்கி, பாட்டில்ல அடைச்சுட்டேன். உங்க கையில ஆடுறது அதுதான்.

அவ எப்பக் கேட்டாலும் இறுகலன்னுதான் நான் சொல்லுவேன், நீங்களும் அப்படியே சொல்லுங்க. எந்த வண்டின்னு எழுதி அனுப்பவும் வேண்டாம். நான் நாளைக்குக் காலையிலேருந்தே ஸ்டாண்டுல நிக்கேன்.