பாக்கெட்டுக்குள் போன பச்சை ஒயர்

விருந்தாளி வருகிறார் என்றால் கண்ணில் படுவதையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளிவிடும் பரம்பரை எங்களுடையது. அந்தப் பழக்கத்தை விவேக் நகர் வீட்டிலிருந்து ஆய்வுக்கூடம் வரை கொண்டுபோனவன் நான்.

நரம்புக்குள் செருகி அதன் சமிக்ஞையைப் பதிவுசெய்யும் ஊசி ஒன்றை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். தலைமுடியைவிட மெல்லியது. தும்மினால் காணாமல் போய்விடும் (இரண்டு அப்படித்தான் போயின). ஒருவழியாக ஒன்று மண்புழுவின் நரம்பில் நின்று வேலை செய்தது. இந்த ஆராய்ச்சியைத் தொடரலாமா, மூட்டை கட்டலாமா என்று முடிவுசெய்ய நான்கு நிபுணர்கள் வருவதாக ஏற்பாடு. பெருமை தாங்காமல் ஸ்டெல்லா அக்காவையும் அழைத்திருந்தேன். அவள் கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் போடுகிறவள். கடையைப் பூட்டிவிட்டு, பட்டுப்புடவையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

அன்று காலை மேசையைப் பளபளவென்று துடைத்திருந்தேன். ஒரு பச்சை ஒயர் மட்டும் அசிங்கமாகத் தொங்கியது. போட்டோவில் விழுமே என்று கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

நிபுணர்கள் முன்னால் ஊசியைப் புழுவில் செருகி, நரம்பின் சமிக்ஞையைச் சத்தமாக்கும் ஸ்பீக்கரைப் போட்டேன். 'டக் டக்' என்று வரவேண்டிய இடத்தில் 'ஊம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? நரம்பு இன்று மிகுந்த உற்சாகத்தில் இருப்பதாக விளக்கம் கொடுத்தேன். ஒருவர் ஊசியை வெளியே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நரம்பே இல்லாமலும் உற்சாகம் குறையவில்லை. என் பேராசிரியர் சீலிங்கைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போது அக்கா எழுந்து வந்தாள். மேசையின் இரும்புச் சட்டத்தில் கையை வைத்தாள்; இரைச்சல் பாதியானது.

"எர்த் இல்லடா இதுல. திருவிழாவுக்குத் திருவிழா நான் கேக்கிற சத்தம் இது. இங்க ஒரு ஒயர் இருந்திருக்கணுமே?"

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான்கு நிபுணர்களும் அந்தப் பாக்கெட்டையே பார்த்தார்கள். அக்கா ஒயரை மாட்டினாள். இரைச்சல் அடங்கியது. ஊசியை மறுபடி செருகி, புழுவைத் தூரிகையால் லேசாகத் தொட்டேன்.

டக். டக் டக்.

அதைப் பிடித்தது என் ஊசி. உலகத்துக்குக் கேட்கவைத்தவள் என் அக்கா. இதில் எது எனக்குப் பெரிய பெருமை என்று இன்றுவரை தெரியவில்லை. தொடரலாம் என்று சொல்லி நிபுணர்கள் என்னிடம் கைகுலுக்கினார்கள். அக்காவிடம் விசிட்டிங் கார்டு கேட்டார்கள்.

அதன்பிறகு வீட்டில் சாவி, ரிமோட், குக்கர் விசில் என்று எது தொலைந்தாலும் முதலில் என் பாக்கெட்டைத்தான் தேடுகிறார்கள். போன மாதம் என் கல்யாணம். மோதிரம் எங்கே என்று ஃபாதர் கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். முதல் வரிசையிலிருந்து அக்கா, மைக்கே இல்லாமல் கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"பாக்கெட்டப் பாருடா."

அங்கேதான் இருந்தது.