இரண்டு நிழல் மாஸ்டர்

இரண்டு நிழல் மாஸ்டரைப்போல் சந்தேகப்படுகிற இன்னொரு மனிதர் கொழும்பில் இருந்திருக்க முடியாது. வெள்ளவத்தைச் சந்தையில் நல்ல மீன் கிடைத்தால், இது ஏன் இன்னும் விலைபோகாமல் எனக்காகக் காத்திருந்தது என்று யோசித்து வாங்காமல் வந்துவிடுவார்.

எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தள மண்டபத்தில் வரலாறு டியூசன் நடத்தினார். பாடப்புத்தகத்தைத் திறப்பதில்லை, பலகையில் கேலிச்சித்திரம் வரைவார். யாரை வரைந்தாலும் இரண்டு நிழல். ஒன்று அந்த ஆளுடையது, மற்றது பின்னால் நின்று லாபம் பார்ப்பவருடையது. போர்த்துக்கீசரை நம்பி ஆண்ட கோட்டை இராச்சியத்து அரசனின் இரண்டாவது நிழல் போர்த்துக்கீசத் தொப்பி போட்டிருந்தது. அந்தப் பாடத்தை எந்தப் பிள்ளையும் மறக்கவில்லை. தன்னை வரைந்தபோதும் இரண்டு போட்டார். வேலை முடிந்து வரும் வழியில் எட்டிப் பார்த்த நான், ஏன் என்று கேட்டேன்.

"என்னையும் முழுசா நம்பேலாது, பிள்ளை."

பிறகு லிப்டுக்குள் படங்கள் முளைத்தன. முதலாவதில், தண்ணீர் வராத நாளில் தொடர்மாடிச் சங்கத் தலைவர் வீட்டுப் பூச்செடிகள் மட்டும் நீந்தின. இரண்டாவதில், தலைவரின் மைத்துனர் சங்கக் காசில் வாங்கி லிப்ட் வாசலில் பூட்டிய புதிய சிசிடிவி கமரா. அதற்கு இரண்டு நிழல் இருந்தது, வயர் இல்லை. நான் நெட்வேர்க் வேலை செய்பவள். எந்தக் கமராவுக்கும் மின்சாரமாவது போகவேண்டும், படம் பிழை என்று மாஸ்டரிடம் சொன்னேன்.

"உங்களை ஆர் அனுப்பினது?" என்று கேட்டார். படங்களைத் தான் வரையவில்லையாம். எவனோ தன் கைவண்ணத்தைக் களவெடுத்துவிட்டானாம்.

தலைவர் கூட்டம் கூட்டினார். படங்கள் மாஸ்டரின் வேலைதான், அவர் உடனே மண்டபத்தை விடவேண்டும் என்றார். சாதாரண தரப் பொதுப் பரீட்சை நெருங்கியிருந்தது. பிள்ளைகளுக்கு வேறு இடமில்லை. ஒட்டியது யாரென்று கமராவில் பார்க்கலாமே என்று செயலாளர் அன்ரி கேட்டார்.

"அதெல்லாம் தேவையில்லை," என்றார் தலைவர், கொஞ்சம் அவசரமாக.

ஆதாரம் இருக்கிறது, ஆனால் பார்க்கவேண்டாம் என்கிறார். எனக்கும் மாஸ்டரின் வியாதி தொற்றியது. ஒரு ஸ்டூலை இழுத்து, லிப்ட் வாசலில் இருந்த கமராவைக் கழற்றினேன். பின்னால் வயர் இல்லை. உள்ளே ஒரு பற்றரியும் சின்னச் சிவப்பு பல்பும். மாஸ்டர் பிழையாக வரையவில்லை, பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்.

செயலாளர் அன்ரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கமராவோ அண்ணை, சாமியறை லைற்றோ?"

அதன்பிறகு மாஸ்டர் மண்டபத்தை விடவேண்டும் என்று யாரும் கதைக்கவில்லை.

அடுத்த நாள் லிப்டில் புதுப் படம். ஸ்டூலில் ஏறி நிற்கும் நான், கையில் ஸ்க்ரூ ட்ரைவர். காலடியில் ஒரே ஒரு நிழல். நன்றாகத் தேடிப் பார்த்தேன், மற்றதைக் காணவில்லை.

மண்டபத்துக்குப் போய், மை முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"ஓம், முடிஞ்சுபோச்சு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மேசையில் மைப்போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது.