நாற்பது பேருக்கு ஒரு பலகை

கனவு காண்கிற ஆளைக் கல்யாண வீட்டில் அடுப்புப் பக்கம் விடக் கூடாது. இதை என் வீட்டார் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டார்கள்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. செங்கல்பட்டில் அத்தாவின் மரக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாமல்லபுரத்தில், கலங்கரை விளக்கத்திலிருந்து இறங்கும் சாலையில் ஒரு வெள்ளைக்காரன் சக்கரம் வைத்த பலகைமேல் நின்றபடி வந்தான். கால் அசையவில்லை, முடி மட்டும் பறந்தது. பின்னால் கடல். அந்த நொடியே எனக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. பலகையைத் தடவிப் பார்த்தேன். இரண்டு முனையும் மேலே வளைந்திருந்தன. ஆவியில் வேகவைத்துத் தானே வளைத்ததாகக் கையைக் காலை ஆட்டிச் சொன்னான்.

லாரிப் பட்டறையில் கெஞ்சிப் பால்பேரிங் வாங்கினேன். வேப்பம்பலகை ஒன்றை மெல்லிசாக இழைத்தேன். ஆவிக்குத்தான் பாத்திரமில்லை. (அம்மாவின் இட்லிப் பானையில் முயன்றேன். பலகை வேகவில்லை, என் முதுகு பழுத்தது.)

நூரி அக்காவின் நிக்காஹ் வந்தது. கூடவே பிரியாணிக்கு வாடகைத் தேக்சாக்களும் வந்தன, ஒவ்வொன்றும் ஆள் உட்காரும் அளவு அண்டா. உபரியாக இருந்த ஒன்றைக் கொல்லையில் அடுப்பேற்றினேன். அடியில் தண்ணீர், இரண்டு செங்கல், செங்கல்மேல் பலகை, பலகையின் நடுவில் அம்மிக்குழவி. வேகவேகக் குழவியின் கனத்தில் பலகை தானே வளைந்துகொள்ளும். ஆவி வெளியே போகாமலிருக்க? பிரியாணி தின்று வளர்ந்தவனுக்கு இதுகூடவா தெரியாது! மூடியைச் சுற்றி மாவு பூசி, மேலே தணல் அள்ளிப்போட்டுத் தம் போட்டேன். பக்கத்தில் சாய்ந்து கண்ணை மூடினேன். இறக்கம், காற்று, கடல்...

"டேய் சாதிக்! இன்னா தூங்கிகினு கீற? வண்டில ஏறுடா!"

சமையல்காரர் காதர் பாய். நிக்காஹ் முடிந்திருந்தது. (சொந்த அக்காவின் நிக்காஹ். ஆமாம்.) நிக்காஹுக்கு வராமல் மாமல்லபுரத்து மாப்பிள்ளை வீட்டிலேயே தங்கிவிட்ட பெண்களுக்கு ஒரு தேக்சா பிரியாணி அனுப்புவது எங்கள் வழக்கம். அதற்குக் காவல் நான். சாக்குச் சுற்றிய தேக்சாவைப் பிடித்தபடி வேனில் உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மறுபடி அந்த இறக்கத்தில் மிதக்க ஆரம்பித்தேன். தேக்சாவுக்குள் ஏதோ உருண்டது. பெரிய தொடைக்கறி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அங்கே நாற்பது பெண்கள் தட்டோடு காத்திருந்தார்கள். "நாஸ்தாகூட துன்னாம குந்திகினு கீறோம்" என்றபடி மாப்பிள்ளையின் அம்மா கத்தியால் மாவைக் கீறி மூடியைத் தூக்கினார். ஆவி விலகியது. இரண்டு செங்கல், ஒரு குழவி, என் பலகை. மாவு பூசிய தேக்சாவைப் பார்த்த காதர் பாயின் ஆட்கள், அதுதான் பிரியாணி என்று ஏற்றிவிட்டிருந்தார்கள்.

அக்காவின் மானம் அந்த நிமிஷம் என் வாயில் இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

"மாஷா அல்லாஹ்! இன்னா அழகா வளைஞ்சிகீது!"

மாப்பிள்ளையின் அம்மா கரண்டியால் குழவியைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வேவணும்" என்றார். பிறகு சிரித்தார். நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று அங்கே எல்லாருக்கும் மீன்குழம்புதான். சாயங்காலம் அக்கா வாசலில் இறங்கியபோது, "கட்ட பிரியாணி வூட்டுப் பொண்ணு வந்துட்ச்சி!" என்று ஒரு குரல் எழுந்தது. முக்காட்டுக்குள்ளிருந்து அக்கா என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பலகை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. "இந்த வூட்டுக்கு நீ எப்ப சாப்ட வந்தாலும் இதுமேலதான் குந்தணும்" என்று மாப்பிள்ளையின் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவர் இப்போது இல்லை. தீர்ப்பு இருக்கிறது. அக்கா வீட்டில் பிரியாணி என்றால் எல்லாருக்கும் பாய், எனக்கு அந்தப் பலகை. உட்கார்ந்தால் முன்னும் பின்னும் மெல்ல ஆடும். ஜன்னலில் கடல்காற்று வரும். பாதிச் சோற்றில் என் கண் சொருகிவிடும், சாலை இறங்கத் தொடங்கும்.

"யாராவது தேக்சாவத் தொறந்து பாருங்கடி" என்பாள் அக்கா. "இவன் தூங்கறான்."