ஜன்னலோரத்து ஜப்பான் மெஷின்

எங்கள் வீட்டுக்கு இருப்பது ஒரே ஜன்னல். அதன் ஓரத்தில் என் மனைவியின் பழைய ஜப்பான் தையல் மெஷின் குடியிருக்கிறது. முழுக்க இரும்பு. செய்தவன் யார் மேல் என்ன கோபத்தில் இருந்தானோ. கூடாரத் துணியை நாலாக மடித்துக் கொடுத்தாலும் அசராமல் தைக்கும். அது ஓடினால் என் கையிலிருக்கும் பேப்பர் தானாகப் பக்கம் திரும்பும்.

அந்த இடத்தில் என் சாய்வு நாற்காலியைப் போட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். முதுகுவலி என்று புளுகி வாங்கிய நாற்காலி. மெஷினை சர்வீசுக்குத் தூக்கிப் போகச் சொல்லி அவள் நச்சரித்தபோதெல்லாம் என்னைக் காப்பாற்றியதும் அதே வலிதான்.

மெஷினுக்கு அடியில், பாபினை வைக்கிற சின்ன இரும்புக் கூடு ஒன்று உண்டு. பாபின் கேஸ். அது இல்லாவிட்டால் ஒரு தையல் விழாது. கழற்றி என் ஷேவிங் டப்பாவில் போட்டேன்.

"ஏங்க, பாபின் கேஸைக் காணோம்."

"வயசாயிடுச்சுல்ல, கழண்டு விழுந்திருக்கும். இதுக்கெல்லாம் இனிமே பார்ட்ஸ் கிடைக்காது."

"மெக்கானிக்கும் அதையே சொன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம். நீங்க அங்க நாற்காலி போட்டுக்கங்க. ஆனா உங்க முதுகு..."

"முதுகு கெடக்குது. தள்ளு."

லிஃப்ட் இல்லாத மூன்று மாடி. மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினேன். மனைவி பின்னால் வந்தாள். கீழ் வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்தபடி வாசலில் நின்றார்.

"தம்பி, முதுகு சரியாயிடுச்சா?"

மெஷினை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

கடையில் மெக்கானிக் மெஷினைச் சாய்த்துப் பார்த்தார். "பாபின் கேஸ் இல்லையேம்மா."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். மனைவி பர்ஸைத் திறந்தாள்.

"இந்தாங்க. இவரு ஷேவிங் டப்பாவுல இருந்துச்சு. நல்லா சுத்தம் பண்ணி எண்ணெய் போடுங்க. ரொம்ப நாளா தூக்கிட்டு வர ஆள் கிடைக்கல."

மெக்கானிக் என்னைப் பார்க்காமல் எண்ணெய் போட்டார். அது பெரிய மனசு.

திரும்பி வரும்போது கதவைத் திறக்கிறேன் என்று அவள் முன்னால் ஏறிப் போய்விட்டாள். நான் இரண்டாவது மாடியில் இளைத்துக்கொண்டு நின்றபோது, கீழ் வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் எதையோ தூக்கிக்கொண்டு இறங்கினார். மெஷின் என் முகத்தை மறைத்ததால் என்னவென்று தெரியவில்லை. ஒதுங்கி வழிவிட்டேன்.

மெஷினை ஜன்னலோரம் வைத்துவிட்டு, உட்காரலாம் என்று திரும்பினேன்.

"என் நாற்காலி எங்க?"

"கீழ் வீட்டு அக்காவுக்குக் கொடுத்துட்டேங்க. அவங்களுக்கு நிஜமாவே முதுகுவலி."